காசி வீட்டு முற்றத்தில் நிழல் எங்கே?

சத்யஜித் ரே ஒரு பேட்டியில் சொன்ன ஆண்டுதான் என்னை இந்தத் தேடலில் இறக்கியது. தன் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா 1954 முதலே பவுன்ஸ் லைட்டிங் செய்துவந்தார் என்கிறார் ரே. ஏழெட்டு ஆண்டு கழித்து ஸ்வீடனின் ஸ்வென் நிக்விஸ்ட் அதைத் தன் கண்டுபிடிப்பாக ‘அமெரிக்கன் சினிமட்டோகிராபர்’ இதழில் எழுதியதைப் படித்தபோது ஏற்பட்ட வியப்பையும் சொல்கிறார். ஆனால் மித்ராவைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் தரும் ஆண்டு 1956. படம் ‘அபராஜிதோ’. இடம், கல்கத்தா ஸ்டூடியோ ஒன்றுக்குள் போடப்பட்ட காசி வீட்டு முற்றம்.

பவுன்ஸ் என்றால் வேறொன்றுமில்லை. விளக்கை நடிகரின் முகத்தில் நேராக அடிக்காமல் வெள்ளைத் துணியிலோ சுவரிலோ தெர்மாக்கோலிலோ அடித்து, அங்கிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தில் படம் எடுப்பது. இன்று கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகூட விளக்கைக் கூரைப் பக்கம் திருப்பி வைக்கிறார். உலகம் முழுக்க இத்தனை கைகளுக்குப் போய்ச் சேர்ந்த ஒரு முறை யார் கையில் தொடங்கியது என்பதில் எனக்கு ஆர்வம் உண்டு. ஆர்வத்தைவிட ஆற்றாமை அதிகம். என்னிடம் உதவியாளராகச் சேர வரும் பிள்ளைகளிடம் கேட்டால் நிக்விஸ்ட் பெயரைச் சொல்கிறார்கள், பிரான்சின் ரவூல் கூதார் பெயரைச் சொல்கிறார்கள். மித்ராவின் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. அதனால், படப்பிடிப்பு இல்லாத நாட்களில் இந்த வழக்கைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

முதல் சாட்சி மித்ராவேதான். 1930-ல் பிறந்தவர். பிரெஞ்சு இயக்குநர் ஜான் ரென்வார் ‘தி ரிவர்’ படத்தை எடுக்கக் கல்கத்தா வந்தபோது கல்லூரி வயது இளைஞர். கேமராக் குழுவில் வேலை கிடைக்கவில்லை. பார்வையாளராக நின்று, எந்த விளக்கு எங்கே இருந்தது, நடிகர் எங்கே நின்றார், கேமரா எந்தப் பக்கம் பார்த்தது என்று படம் வரைந்து குறிப்பெடுத்தார். ஒளிப்பதிவாளர் க்ளோத் ரென்வார், ஒரு காட்சியை மறுபடி எடுக்குமுன் வெளிச்சம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க, இந்தப் பையனின் நோட்டையே வாங்கிப் பார்த்திருக்கிறார். அதே படத்தில் கலைப் பிரிவில் உதவியாளராக இருந்தவர் பன்சி சந்திரகுப்தா. விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்த ரேயும் அந்தப் படப்பிடிப்பைப் பார்க்க வந்துபோனவர்தான். மூவரும் பின்னாளில் சேர்ந்து செய்ததன் விதை அங்கே விழுந்தது. 1952-ல் ‘பதேர் பாஞ்சாலி’ தொடங்கியபோது மித்ராவுக்கு இருபதைச் சற்றே தாண்டிய வயது. அதுவரை மூவி கேமராவை இயக்கியதே இல்லை.

அவர் சொல்லும் கதை இது. ‘அபராஜிதோ’வில் ஹரிஹர் குடும்பம் தங்கும் காசி வீட்டின் உள்முற்றத்தைத் திறந்தவெளியில் செட் போடுவதாகத்தான் திட்டம். மழைக்காலம் குறுக்கே வந்தது. கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா செட்டை ஸ்டூடியோவுக்குள் மாற்ற முடிவெடுத்தார். மித்ரா சண்டை போட்டார். நான்கு பக்கமும் சுவர் உயர்ந்த முற்றத்தில் வெயில் நேராக இறங்காது, மேலே தெரியும் ஆகாயத் துண்டின் வெளிச்சம்தான் இறங்கும், அதை ஸ்டூடியோ விளக்குகளால் கொண்டுவரவே முடியாது என்று ரே, பன்சி இருவரிடமும் வாதாடினார். வாதம் எடுபடவில்லை. வேறு வழியில்லாமல், செட்டின் மேல் சட்டத்தில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணி ஆகாயமானது.

கும்பகோணத்துப் பழைய வீடுகளின் முற்றத்தில் நின்றவர்களுக்கு அவர் எதைத் தேடினார் என்று விளக்க வேண்டியதில்லை. வெயில் சுவரின் மேல் விளிம்பில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்க, தாழ்வாரத்தில் அரிசி புடைப்பவரின் முகத்தில் திசை தெரியாத ஒரு வெளிச்சம் படிந்திருக்கும். உச்சிப்பொழுதைத் தவிர்த்தால் காலையிலிருந்து மாலைவரை அது அதிகம் மாறாது.

ஒருவர் தன்னைப் பற்றியே சொல்வதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. அடுத்த சாட்சி ஒரு நாட்குறிப்பு. ‘அபராஜிதோ’வுக்காக 1956 மார்ச்சில் காசிக்குப் போன ரே அங்கே எழுதிய குறிப்புகளின் ஒரு பகுதி, 1976-ல் வந்த ‘அவர் ஃபிலிம்ஸ், தெய்ர் ஃபிலிம்ஸ்’ நூலில் இருக்கிறது. படித்துறைகள் கிழக்கு பார்த்தவை, அதனால் காலையில் முழு வெயிலும் நீண்ட நிழல்களும் இருக்கின்றன என்கிறார். மாலை நான்கு மணிக்குள் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடுகிறது, அதன்பின் பொழுது சாயும்வரை படித்துறை முழுவதும் நிழலற்ற பரவிய ஒளிதான், அங்கே உட்கார்ந்திருக்கும் விதவைகளின் அசைவற்ற தோற்றத்துக்கு அது பொருந்துகிறது என்றும் குறித்துவைத்திருக்கிறார். பிறகு எழுதிய நினைவோடை அல்ல இது, படப்பிடிப்புக் காலத்துக் குறிப்பு. அந்தப் படத்துக்கு எப்படிப்பட்ட வெளிச்சம் வேண்டும் என்பது இயக்குநரின் மனத்தில் ஏற்கெனவே இருந்தது. மித்ராவின் துணி அந்தத் தேவைக்குப் பிறந்தது. இரண்டு சாட்சியங்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

மூன்றாவது சாட்சி படமேதான். இந்தச் சாட்சி உயிர் பிழைத்ததே பெரிய காரியம். 1992-ல் ரேவுக்கு ஆஸ்கர் கௌரவ விருது தரப்பட்டதை ஒட்டி அவர் படங்களின் நெகட்டிவ்களை மீட்கும் வேலை தொடங்கியது. லண்டனுக்கு அனுப்பப்பட்ட, ‘பதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’ உள்ளிட்ட அபு முப்படங்களின் மூல நெகட்டிவ்கள் 1993-ல் அங்கே ஹெண்டர்சன் லேபில் நடந்த தீயில் சிக்கின. கருகிச் சுருண்ட சுருள்களைத் தூக்கி எறியாமல் அமெரிக்க அகாடமி காப்பகத்தில் வைத்திருந்தார்கள். இருபது ஆண்டு கழித்து இத்தாலியின் பொலோன்யா நகரத்து லேபில் அவற்றை ஈரப்படுத்தி நிமிர்த்தி, உடைந்த பெர்ஃபரேஷன்களை (ஓரத் துளைகளை) ஒவ்வொன்றாகக் கையால் ஒட்டினார்கள். ஏறத்தாழ ஆயிரம் மணிநேரக் கைவேலை. ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 சதவீதமும் ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே மீண்டன. மீதியை மற்ற காப்பகங்களில் இருந்த பிரதிகள் நிரப்பின. 2015-ல் வந்த 4கே பதிப்பு இப்படி உருவானதுதான். பழைய தேய்ந்த பிரதிகளில் நிழல்கள் எல்லாம் ஒரே கரியாகக் கிடந்தன. எது மென்மையான நிழல், எது விளிம்புள்ள நிழல் என்று பிரித்துப் பார்க்க இந்தப் பதிப்பு வரும்வரை வழியில்லாமல் இருந்தது.

ஒளிப்பதிவாளர் ஒரு ஃபிரேமை எப்படி விசாரிக்கிறார் என்று சொல்ல வேண்டும். விளக்கு எவ்வளவு பெரியது என்பதை நிழலின் விளிம்பு சொல்லும். எங்கே இருக்கிறது என்பதை மூக்கின் நிழல் சொல்லும். சிறிய விளக்கு தூரத்தில் இருந்தால் கத்தியால் வெட்டியதுபோல் நிழல். ஒளி வரும் பரப்பு பெரிதாகப் பெரிதாக விளிம்பு கரைந்துகொண்டே போகும். பொருள் தரையைத் தொடும் இடத்தில் மட்டும் கருமை மிஞ்சும். இந்தக் கண்ணோடு ‘அபராஜிதோ’வின் முற்றக் காட்சிகளில் ஹரிஹரின் மனைவி சர்வஜயாவைப் பாருங்கள். மூக்கின் கீழும் தாடையின் கீழும் நிழல் இருக்கிறது, ஆனால் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு போட முடியாது. கண்குழிகள் லேசாக இருண்டிருக்கின்றன, ஆக வெளிச்சம் மேலிருந்து வருகிறது. அக்காலத்து ஸ்டூடியோப் படங்களில் ஒரே ஆளுக்குத் தரையில் மூன்று நிழல் விழும். இங்கே அந்தக் குழப்பம் இல்லை. காசியின் உண்மையான சந்துகளில் எடுத்த ஷாட்டிலிருந்து செட்டுக்கு வெட்டும்போது கண் தடுக்குவதில்லை. செட் என்று தெரிந்தே பார்த்தும் நான் பலமுறை அதை மறந்துவிட்டேன்.

அதோடு நிற்க மனம் ஒப்பவில்லை. செய்து பார்க்க வாய்ப்பு வந்தது. நான் வேலை செய்த ஒரு படத்துக்கு ஃப்ளோருக்குள் முற்றம் வைத்த வீடு செட் போட்டிருந்தார்கள். அதைப் பிரிக்குமுன் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கி, மேலே காடாத் துணியை இழுத்துக் கட்டச் சொன்னேன். மூத்த லைட்மேன் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை.

“துணியில அடிச்சா வெளிச்சத்தைத் துணியே குடிச்சிடும் சார். நேரா ஒரு ஃபைவ்-கே லைட்டு வெச்சு முன்னால ஸ்கிம்மர் துணி கட்டிட்டா போச்சு.”

“ஸ்கிம்மர் கட்டினா வெளிச்சம் ஒரு பக்கத்துலருந்துதானே வரும்ணே. ஆகாயம் ஒரு பக்கமாவா இருக்கு?”

அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. நேராக அடித்தபோது காட்டிய அளவில் ஆறில் ஒரு பங்குதான் துணியில் பட்டுத் திரும்பியபின் மீட்டரில் நின்றது. இன்று எனக்கு இது பிரச்சினையே இல்லை. என் கேமராவின் வேகம் 800 ஐஎஸ்ஓ. லென்ஸை 2.8-ல் வைத்தால் முகத்தில் 12 ஃபுட்கேண்டில் வெளிச்சம் போதும். அன்றைய நடுத்தர வேகக் கறுப்பு-வெள்ளை பிலிமுக்கு டங்ஸ்டன் விளக்கில் 64 தான் வேகம். அதே 2.8-க்குச் சுமார் 150 ஃபுட்கேண்டில் வேண்டும். அவ்வளவையும் துணியிலிருந்து மட்டும் வாங்குவதென்றால் எத்தனை விளக்குகள், எவ்வளவு சூடு, எவ்வளவு மின்சாரம்! வசதியான குழுவே தயங்கியிருக்கும்.

முற்றத்தின் நடுவில் ஒரு பித்தளைச் சொம்பை வைத்தேன். நேர் விளக்கில் சொம்பின் நிழல் கழுத்தும் வாயுமாக முழு உருவத்தோடு தரையில் நீண்டது. அந்த விளக்கை அணைத்து, துணிக்குப் போகும் விளக்குகளை மட்டும் எரியவிட்டதும் உருவம் காணாமல் போனது. சொம்பின் அடியைச் சுற்றி மட்டும் ஒரு கருவளையம் மிஞ்சி, இரண்டு விரல் தூரத்துக்குள் தரையோடு கலந்துவிட்டது. பித்தளையின் தோளில், முன்பு ஊசிமுனையாக மின்னிய இடத்தில், இப்போது வெள்ளையாக ஒரு சதுரம் படர்ந்திருந்தது. அது துணியின் பிரதிபலிப்பு. “இது பகல் சார்” என்றார் லைட்மேன்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. துணிக்குப் பக்கத்தில் இருந்த மேல்சுவர் முகத்தைவிட அதிகமாக வெளுத்துவிட்டது.  துணி தலைக்கு மேல் சில அடியில்தான் நிற்கிறது. மேல்சுவருக்கு அடர்ந்த பூச்சு கொடுத்தால்தான் சமன் வரும். அதாவது கலை இயக்குநர் சுவரின் நிறத்தையும் அழுக்கையும் வெளிச்சத்தை யோசித்துச் செய்யாவிட்டால் ஒளிப்பதிவாளரின் துணி தோற்றுப்போகும். சண்டை போட்ட இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை இது. பன்சி சந்திரகுப்தாவின் பெயர் இந்தக் கதையில் மழையைக் கண்டு செட்டை மாற்றியவராக மட்டுமே வருவது நியாயமில்லை.

அப்படியானால் ரே சொன்ன 1954? ‘பதேர் பாஞ்சாலி’யைத்தான் கேட்க வேண்டும். பகல் காட்சிகள் பெரும்பாலும் போரால் கிராமத்தில், இயற்கை வெளிச்சத்தில் எடுத்தவை. இரவு உட்புறக் காட்சிகள் ஸ்டூடியோவில். அதில் கிழவி இந்திர் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் இடம் இருக்கிறது. அவளுடைய நிழல் சுவரில் பெரிதாக, விளிம்போடு எழுந்து நிற்கும். ஒற்றை விளக்கிலிருந்து நேராக வரும் ஒளியின் நிழல் அது. கதைக்கும் எண்ணெய் விளக்குக்கும் அதுதான் சரி. துணி ஆகாயத்துக்கான தேவை அந்தப் படத்தில் எழவே இல்லை. பணமில்லாமல் நின்றுபோன ‘பதேர் பாஞ்சாலி’ மேற்கு வங்க அரசின் உதவியோடு மறுபடி முழுமூச்சாகத் தொடங்கிய ஆண்டு 1954. ரேவின் நினைவில் அந்தக் கூட்டணியின் கணக்கு அங்கிருந்துதான் ஓடுகிறது என்பது என் முடிவு. மித்ராவின் 1956-ஐத்தான் ஃபிரேம்கள் ஆதரிக்கின்றன. ‘அபராஜிதோ’ 1956 அக்டோபரில் வெளிவந்தது, மறு ஆண்டு வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கியது. எதிர்த்தரப்புக்கு 1956-ஐக்கூட எட்ட முடியாது. கூதார் ஒளிப்பதிவு செய்த ‘பிரெத்லெஸ்’ 1960-ல் வந்தது. நிக்விஸ்ட் இயக்குநர் பேர்க்மனோடு செய்த ‘த்ரூ எ கிளாஸ் டார்க்லி’ 1961-ல் வந்தது.

இதைச் சொல்வதால் அவர்கள் இருவரும் குறைந்துவிடவில்லை. கூதாருக்கு வேறு தேவை. பாரிஸின் சிறிய அறைகளில் நடிகர்கள் நினைத்த பக்கம் திரும்புவார்கள், இயக்குநர் கொதார் கேமராவை நினைத்த பக்கம் திருப்பச் சொல்வார். அங்கே விளக்குக் கால்களுக்கு இடமில்லை. வெளிச்சம் உட்கூரையில் பட்டு அறை முழுக்க இறங்கினால் அந்தக் கவலை தீரும். நிக்விஸ்டின் தேவை இன்னும் நுட்பமானது. 1963-ல் வந்த ‘விண்டர் லைட்’டுக்காக அவரும் பேர்க்மனும் ஸ்வீடனின் வடபகுதித் தேவாலயம் ஒன்றில், குளிர்கால நண்பகலில், காலை பதினொன்று முதல் இரண்டு மணிவரை வெளிச்சம் எப்படி நகர்கிறது என்று உட்கார்ந்தே பார்த்தார்கள். மேகம் மூடிய அந்த வெளிச்சத்தில் நிழலே இல்லை. அதைத்தான் அவர் ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்தார். கல்கத்தாவில் துணி கட்டப்பட்டது அவருக்குத் தெரியாமலே அவர் அதே இடத்துக்கு வந்துசேர்ந்திருக்கிறார் என்றே நான் நினைக்கிறேன். என் கோபம் வரலாறு எழுதியவர்களோடு. ஐரோப்பாவில் நடந்தால் கண்டுபிடிப்பு, கல்கத்தாவில் நடந்தால் சமாளிப்பு என்ற கணக்கு அவர்களுடையது.

மித்ரா உதவியாளராக எந்த ஸ்டூடியோவிலும் படியேறி வந்தவர் அல்ல. கூதார் இந்தோசீனாவில் பத்திரிகைப் புகைப்படம் எடுத்தவர். அவர்களுக்கு முன்னால் இத்தாலியில் ‘உம்பெர்த்தோ டி’யை ஒளிப்பதிவு செய்த ஆல்டோ, ஸ்டில் போட்டோகிராபியிலிருந்து வந்தவர். கீ லைட் இங்கே, ஃபில் லைட் அங்கே, பேக் லைட் தலைக்குப் பின்னால் என்று பாடம் கேட்டு வளர்ந்தவர்கள் இல்லை இவர்கள். நிக்விஸ்ட் மட்டும் 1940களிலிருந்து கேமரா உதவியாளராக வேலை செய்து வந்தவர். அதனால் பாடம் கேட்காதவர்கள்தான் இப்படிப் புதிதாகச் செய்வார்கள் என்று ஒரு விதியாகச் சொல்ல முடியாது.

துணியைத் தேடிக்கொண்டே பின்னால் போனபோது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். அந்த இடம் புரசைவாக்கம். மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துகொண்டிருந்த நடராஜ முதலியார், ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் கேமரா கற்று, மில்லர்ஸ் சாலையில் ஸ்டூடியோ அமைத்து, 1917–18-ல் ‘கீசக வதம்’ எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். அந்த ஸ்டூடியோவில் கூரைக்குப் பதில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டப்பட்டிருந்தது, வெயில் அதன் வழியாக வடிகட்டி இறங்கியது என்று திரை வரலாற்றாளர் ராண்டார் கை எழுதியிருக்கிறார். இது பவுன்ஸ் அல்ல. வெளிச்சம் துணியின் ஊடாக வருவது வேறு, துணியில் பட்டுத் திரும்புவது வேறு. உலகம் முழுக்கவே, பாரிஸ் அருகே மெலியஸின் கண்ணாடி ஸ்டூடியோவிலிருந்து, ஆரம்பகாலக் கேமராக்காரர்கள் வெயிலை இப்படித்தான் அடக்கினார்கள். ஆனாலும் நடிகரின் முகத்தில் விழும் பலன் ஒன்றுதான். மேலே பெரிய வெள்ளைப் பரப்பு, கீழே விளிம்பற்ற நிழல். பேசும்படம் வந்து ஸ்டூடியோக்கள் சத்தத்துக்குப் பயந்து நான்கு பக்கமும் மூடிக்கொண்டபோது அந்த ஆகாயம் சினிமாவிலிருந்து போய்விட்டது. மித்ரா செய்தது அதைக் கட்டடத்துக்குள் திரும்பக் கொண்டுவந்தது.

முதலியாரின் முகங்களை நான் விசாரிக்க முடியாது. அவர் எடுத்த எந்தப் படமும் இன்று இல்லை. ஒரு தீயிலிருந்து மீண்ட ‘அபராஜிதோ’வில் சர்வஜயாவின் தாடை நிழலை என்னால் அளக்க முடிகிறது. என் சொந்த ஊர்க்காரர் எடுத்த படத்தைப் பற்றி ஒரு வரி எழுத்துச் சாட்சியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. மௌனப்படக் காலத்தோடு இந்த இழப்பு நிற்கவும் இல்லை. 1988-ல் வந்த ‘வீடு’ படத்தின் நெகட்டிவ் போய்விட்டதைப் பாலு மகேந்திராவே வருந்திச் சொல்லியிருக்கிறார். இருக்கும் வெளிச்சத்தில் படம் எடுப்பது எப்படி என்று தமிழுக்குக் காட்டிய மனிதர் அவர்.

கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் நடுவே ஆட்கள் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். நெமாய் கோஷ் என்ற பெயரைத் தேடினால் இருவர் கிடைப்பார்கள். ஒருவர் ரேவின் படங்களுக்கு ஸ்டில் எடுத்தவர். மற்றவர் ‘சின்னமூல்’ இயக்கிவிட்டுச் சென்னைக்கு வந்து, 1960-ல் ‘பாதை தெரியுது பார்’ படத்தை இயக்கிய ஒளிப்பதிவாளர். ‘சந்திரலேகா’வை ஒளிப்பதிவு செய்த கமல் கோஷும் வங்காளி. இவர்கள் சென்னை ஃப்ளோர்களில் எப்படி விளக்கு வைத்தார்கள் என்பதற்கு ஆதாரம் படங்களில் பாதிதான் இருக்கிறது. மீதி நோட்டுகளில் இருக்க வேண்டும்.

அதனால் ஒரு வேண்டுகோள். ஒளிப்பதிவாளர், உதவியாளர், லைட்மேன், லேப் தொழிலாளி யாராவது உங்கள் வீட்டில் இருந்திருந்தால், பரணில் கிடக்கும் காகிதக் கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் பிரித்துப் பாருங்கள். விளக்குகளை வட்டமும் அம்புக்குறியுமாக வரைந்த தாள், மீட்டர் அளவு எழுதிய டைரி, லேப் ரிப்போர்ட், கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்களைக் காட்டும் வொர்க்கிங் ஸ்டில். வொர்க்கிங் ஸ்டில் என்றால் நடிகரை விடுங்கள், ஓரத்தில் தெரியும் விளக்குக் காலையும் மேலே கட்டியிருக்கும் துணியையும் பாருங்கள். அதன் பின்புறம் படத்தின் பெயரும் ஆண்டும் தெரிந்தால் பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிப் படத்தின் முகத்துக்கு வந்துவிடும்.